அரண்மனை பார்க்க உகந்த கிழமை

ஊர் சுற்றுகிறவர்கள் ஓர் இனம். ஊர் சுற்றப் போகிறவர்களுக்கு யோசனை சொல்லி அனுப்புகிறவர்கள் இன்னோர் இனம். இந்த இரண்டாவது இனத்தைப் பற்றித்தான் இப்போது பேச்சு. இவர்கள் பறக்க மாட்டார்கள், நடக்கவும் மாட்டார்கள், ஆனால் நீங்கள் பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கிவிட்டால் போதும், நாலு தெரு தள்ளி இருந்தாலும் அந்தச் சத்தம் காதில் விழுந்து, "எங்க யாத்திரை?" என்று வாசலில் வந்து நிற்பார்கள். நீங்கள் பெரியம்மா வீட்டுச் சடங்குக்குப் போகிறவராக இருப்பீர்கள். இருந்தாலும் பாஸ்போர்ட்டுக்கு நகல் எடுத்தாயிற்றா என்று கேட்பார்கள்.

இந்த இனத்தில் முழு வளர்ச்சி பெற்ற ஒருவரைப் பார்க்க வேண்டுமானால் நாகர்கோவில் கோட்டாற்றுக்கு வாருங்கள். பெயர் பொன்னுலிங்கம். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் கண்ட வெளிநாடு திருவனந்தபுரம் விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவு வரைக்கும்தான். அதுவும் அடுத்தவர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனபோது. அதனால் என்ன? கைப்பேசியும் சாய்வு நாற்காலியும் உள்ளவரைக் கதவு தடுக்குமா? ஈஃபில் கோபுரத்தில் எந்த வரிசை சீக்கிரம் நகரும், ரோமாபுரியில் எந்தக் குழாயில் தண்ணீர் பிடித்துக் குடிக்கலாம், பெட்ராவில் கழுதைக்காரன் எவ்வளவு தூரம் பின்னாலேயே வருவான், சீனப் பெருஞ்சுவரில் ஏறும்போது முட்டு வலிக்குமா இறங்கும்போது வலிக்குமா, எல்லாம் அவருக்கு மனப்பாடம். பிரமிடுக்குள் படுத்திருக்கிற ராஜாவே எழுந்து வந்து வழி கேட்டாலும், "எடது பக்கம் போகாண்டாம், ஒட்டகக்காரன் பிடிச்சிருவான்" என்று சொல்லித்தான் அனுப்புவார்.

அடைப்பு நாட்கள் அவருடைய தனிப் பாடம். தாஜ்மகால் வெள்ளிக்கிழமை அடைப்பு. பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை அடைப்பு. இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். சாவிக்கொத்தே அவர் இடுப்பில்தான் தொங்குகிறதோ என்று தோன்றும்.

அவருடைய யோசனைகள் பலித்ததே இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். கடியப்பட்டணத்து ரசலையன் அவருடைய சிநேகிதர் மகன், கப்பலில் வேலை. சொன்ன சொல் தட்டாதவன். கப்பல் இஸ்தான்புல்லில் நின்றபோது அங்கிருந்து கூப்பிட்டான்.

"மாமா, இங்கின பாக்கதுக்கு என்னெல்லாம் உண்டும்?"

"அதெல்லாம் பொறவு. பிக்பாக்கெட் ஜாஸ்தி மக்கா. பணத்த சாக்ஸுக்குள்ள வச்சுக்கோ."

வைத்துக்கொண்டான். பகல் முழுக்க நடந்து, பசித்து, ஒரு கடையில் ரொட்டி கேட்டு, குனிந்து, நோட்டை உருவி நீட்டியிருக்கிறான். கடைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு ரொட்டியைச் சும்மாவே கொடுத்துவிட்டாராம். அடுத்த கடையிலும் அதே கதை. அதற்கடுத்த கடையில் இவன் குனிவதற்குள்ளேயே பொட்டலம் வந்துவிட்டதாம். கப்பல் கிளம்பும்வரை அந்த மாநகரத்தில் அவன் காலணா செலவழிக்கவில்லை. பொன்னுலிங்கம் அதையும் தன் மேதைமைக் கணக்கில் வரவு வைத்துக்கொண்டார்.

இப்படிப்பட்டவரைக் கட்டியவள் உலகத்தையே பார்த்திருப்பாள் என்றுதானே நினைப்பீர்கள்? தாணம்மாள் பத்மநாபபுரம் அரண்மனையைக்கூடப் பார்த்ததில்லை. தக்கலைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பஸ்ஸில் ஏறி ஒரு குட்டித் தூக்கம் போட்டால் வந்துவிடும். அஞ்சாம் வகுப்பில் பள்ளிக்கூடமே திரண்டு போன அன்று அவளுக்கு அம்மை போட்டிருந்தது. போய் வந்த பிள்ளைகள் ராஜாவின் மூலிகைக் கட்டிலையும், ஆள் இறங்கி ஒளிந்துகொள்ளலாம் போன்ற ஊறுகாய்ப் பரணி ஜாடிகளையும், குனிந்தால் முகம் தெரிகிற கருந்தரையையும் பற்றி அந்த வருசம் முடியும்வரை பேசித் தீர்த்தார்கள். அந்தத் தரையில் ஒரு தடவை தன் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். தாணம்மாள் கேட்டது அவ்வளவுதான். தாலி கட்டின நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

சித்திரையில் கேட்டால் வெக்கை என்பார். ஆனியில் கேட்டால் சாரல். ஓணத்துக்கு மலையாளத்துக் கூட்டம், கார்த்திகையில் ஐயப்பன்மார் கூட்டம். "ஏட்டி, எடம் எங்கயும் போயிராது. போற நேரமாக்கும் முக்கியம்."

இடம் எங்கும் போகவில்லை. தாணம்மாளின் முழங்கால்தான் போய்க்கொண்டிருந்தது.

போன மாசம் ஒருநாள் அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "இன்னா பாருங்க, அரண்மனைய காட்டினாத்தான் இனி இந்த வீட்டுல உள்ளித்தீயல்."

உள்ளித்தீயல் என்கிற அந்தச் சின்ன வெங்காயக் குழம்புக்காகப் பொன்னுலிங்கம் கடலைக்கூட நீந்துவார். உடனே ஆராய்ச்சியில் இறங்கினார். சனியும் ஞாயிறும் உள்ளூர்க் கூட்டம். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வருகிறவர்கள் அப்படியே அரண்மனைக்குள்ளும் நுழைவார்கள். விரலை மடக்கி மடக்கிப் பார்த்து, கடைசியில் தொடையில் ஓங்கித் தட்டினார். "திங்கக்கிழம! திங்கக்கிழமதான் உத்தமம். ஒரு ஈ, காக்கா இருக்காது."

தாணம்மாள் பெட்டியின் அடியிலிருந்த இளம்பச்சைப் பட்டை உடுத்தினாள். அவர் தொப்பி, நெஞ்சுப் பக்கமாகத் தொங்கும் திருட்டுத் தடுப்புப் பை, ஆபத்துக்கு ஊத ஒரு பீப்பி, பஸ்ஸில் கழுத்து சுளுக்காமலிருக்க ஊதுதலையணை என்று முழு அலங்காரத்தில் கிளம்பினார். அரண்மனைத் தெருவுக்குள் நுழைந்ததும் நின்று, இரண்டு கையையும் விரித்தார்.

"பாத்தியா? பாத்தியா? கூட்டம் உண்டா?"

கூட்டம் இல்லை. ஈயும் இல்லை. கதவும் திறந்திருக்கவில்லை.

"சாரே, திங்களாழ்ச்ச லீவாக்கும்" என்றார் காவல்காரர்.

"எல்லா திங்களுமா?"

"நான் வேலைக்கு வந்த நாள் தொட்டு அப்பிடித்தான்."

வேறொருவராக இருந்தால் கூனிக் குறுகி அடுத்த பஸ்ஸைப் பிடித்திருப்பார். இந்த இனத்துக்குக் கூச்சமென்ற உறுப்பே கிடையாது. அவரைப்போலவே ஏமாந்து சேலத்திலிருந்து வேனில் வந்து இறங்கிய ஒரு குடும்பத்தை அவர் கூப்பிட்டு நிறுத்தினார். "பரவாயில்ல, விடுங்க. நீங்க எப்பமாவது பாரிஸுக்குப் போனியள்னா, லூவருக்குச் செவ்வாய்க்கிழம மட்டும் போயிராதிங்க." சேலத்து அம்மாள் நன்றி சொன்னாள். தாணம்மாள் கதவில் தொங்கிய பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் முகம் தெரியவில்லை.

திரும்பும் வழியில், "வெளித்தோற்றத்தைப் பாத்தாச்சுல்லா, அதுவே பாதி" என்றார். அன்றைக்கு வீட்டில் ரசம். பாதி ரசம்.

மறுநாள் காலை அவர் ஜப்பானில் செர்ரி பூக்கிற வாரத்தைக் கணித்துக்கொண்டிருந்தபோது, தாணம்மாள் மதிலுக்கு மேல் தலையை நீட்டி அடுத்த வீட்டு நூர்ஜஹான் பேகத்தைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி நூரு, அரண்மனைக்கு வாறியா?"

"தொப்பி, பீப்பியெல்லாம் எடுக்கணுமோ?"

"செருப்பு மட்டும் போதும். அதையும் வாசல்ல கழத்திப் போடணும்."

இருவரும் வடசேரி பஸ் நிலையத்துக்கு ஆட்டோ பிடித்தார்கள், தக்கலைக்கு பஸ் ஏறினார்கள், அங்கே இன்னோர் ஆட்டோ. போய் இறங்கியது பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்து கொட்டுகிற நேரம். பொன்னுலிங்கத்தின் சாஸ்திரப்படி யாரும் போகவே கூடாத நேரம். தாணம்மாள் அந்த வரிசையின் வாலில் போய்ச் சேர்ந்துகொண்டாள். கட்டிலைப் பார்த்தாள். பரணியைத் தட்டிப் பார்க்கக் கையை நீட்டி, ஒரு டீச்சரிடம் திட்டும் வாங்கினாள். தரை வந்ததும் முழங்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தாள்.

"ஏட்டி, தெரியுது!"

"என்ன தெரியுது?"

"நான்தான். கெழவியாட்டு இருக்கேன்."

"தரை பழசுல்லா, அதான். எழும்பு" என்றாள் நூர்ஜஹான்.

வீடு திரும்பியதும் கேள்விகள். எந்த வாசல்? செருப்புக்கு டோக்கன் உண்டா? தண்ணி உள்ளே விடுவார்களா? தாணம்மாள், "நல்லா இருந்துது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளி உரிக்க உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்து ரசலையனிடமிருந்து போன்.

"மாமா, லீவுல வந்திருக்கேன். கூட வேலை பாக்கிற பிலிப்பைன்ஸ்காரனும் உண்டும். பத்மநாபபுரம் அரண்மனைக்கு எப்பம் போனா கொள்ளாம்?"

பொன்னுலிங்கம் போனைக் காதிலிருந்து எடுத்து தாணம்மாள் பக்கம் திரும்பினார். வாழ்க்கையில் முதல் தடவையாக இன்னொருவரிடம் யோசனை கேட்டார். "ஏட்டி, எப்பம் போனா கொள்ளாம்? சட்டுனு சொல்லு."

தாணம்மாள் உள்ளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "திங்கக்கிழம போகச் சொல்லுங்க. கூட்டமே இருக்காது."

"செரி மாமா, திங்கக்கிழம!" என்று போனுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. பிறகு வைத்துவிட்ட சத்தம். ரசலையன்தான் சொன்ன சொல் தட்டாதவனாயிற்றே.

சிரித்தீர்களா? நல்லது. இப்போது ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். கோட்டாற்றுக்காரிகள் வடசேரிக்கு ஆட்டோ பிடித்ததைப் படித்தபோது, 'எதுக்கு வடசேரி, பக்கத்திலிருக்கிற மீனாட்சிபுரத்திலேயே பஸ் ஏறியிருக்கலாமே' என்று உங்கள் உதடு லேசாக அசைந்ததா? பெட்ராவில் கழுதை மட்டுமா, ஒட்டகமும் உண்டே என்று தோன்றியதா? தோன்றியிருந்தால் பேசாமல் அடுப்படிக்குப் போய், அங்கே நிற்கிறவர் இன்னும் எதைப் பார்க்காமல் பாக்கி வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, வேறு ஒரு வார்த்தை சொல்லாமல் கூட்டிப் போங்கள்.

லூவர் இல்லையென்றால், செவ்வாய்க்கிழமை உத்தமம்.