பக்கத்து அறை சொன்ன வழி

மனிதகுலம் நெருப்புக்குப் பிறகு கண்டடைந்த பேரொளி ரவுட்டர். கணினி வலையில் செய்திகளுக்கு வழிகாட்டும் அந்தப் பெட்டிக்கு முழு வழி தெரியாது. பக்கத்துப் பெட்டி சொல்வதை நம்பும். அதனிடம் தள்ளிவிடும். அதற்குமேல் அதற்குப் பொறுப்பில்லை.

எங்கள் மருத்துவமனையின் கணினி அதிகாரி நான். இந்த ஞானத்தை நோயாளிகளுக்கும் வழங்கினேன். வழிகாட்டிப் பலகைகளைக் கழற்றினோம். ஒவ்வோர் அறையும் பக்கத்து அறைக்கு அவ்வப்போது "வணக்கம்" சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் அந்த அறை 'காலமானது'. பிறகு வேறு எந்த அறை வழி தெரியும் என்கிறதோ, அதை நம்பி நோயாளியின் வண்டியைத் தள்ளிவிட வேண்டும்.

முறையின் மேன்மை அத்தானின் குடல்வால் வீங்கிய அன்று விளங்கியது. உடனே அறுக்காவிட்டால் வெடித்துவிடும் என்றார்கள். அக்கா வண்டியோடு ஓடிவந்தாள். ரத்தப் பரிசோதனை அறையில் எங்களை நிறுத்தினார்கள்.

"ஆபரேஷன் தியேட்டர் காலமாயிடுச்சு," என்றார் பரிசோதகர் அம்மாள். "வணக்கம் சொன்னேன். பதில் இல்ல."

கண்ணாடிக்கு அப்பால் சர்ஜன் கையுறையோடு நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"அதோ நிக்கிறாரே!" என்றாள் அக்கா.

"முகமூடி போட்டிருக்கார்மா. வாயைத் திறந்தாரா இல்லையான்னு எனக்கெப்படித் தெரியும்? கவலைய விடுங்க. எக்ஸ்ரே ரூமுக்கு வழி தெரியுமாம்."

எக்ஸ்ரேக்காரர் முகம் மலர்ந்தார். "தியேட்டருக்கா? தெரியுமே! ரத்தப் பரிசோதனை வழியாப் போங்க."

போனோம்.

"எக்ஸ்ரே வழியாப் போங்க," என்றார் அம்மாள்.

இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு அப்படியொரு நம்பிக்கை. புதுமணத் தம்பதியிடம்கூட நான் அதைக் கண்டதில்லை.

அத்தான் முனகினார். "மச்சான், இதே ஃபேனத்தான் திரும்பத் திரும்பப் பாக்கறேன்."

"வலை 'சீராகுது' அத்தான். பொறுத்துக்கோங்க."

வண்டி தள்ளுபவர் நின்றார். "ஆயுள் முடிஞ்சுது சார்."

அக்கா அலறினாள்.

"வண்டியோட ஆயுள்மா. ரொம்ப சுத்தினா சுமைய இறக்கிப் போட்டுடணும். இல்லேன்னா நெரிசலாயிடும். சார் போட்ட ரூல்."

"பயப்படாதே அக்கா," என்றேன். "வலையில ஒண்ணு தொலைஞ்சா, அனுப்பினவங்க அதே மாதிரி இன்னொண்ணு அனுப்பிடுவாங்க."

"இவர அனுப்பினது என் மாமியார்டா! இன்னொண்ணு பெத்துத் தரச் சொல்லட்டுமா?"

அக்கா என்னை ஒதுக்கினாள். வண்டியைப் பிடுங்கினாள். தியேட்டர் கதவில் மோதினாள். அது பூட்டியே இருக்கவில்லை.

"எங்கய்யா போனீங்க எல்லாரும்?" என்றார் 'காலமானவர்'.

அத்தான் பிழைத்தார்.

மறுநாள் கூட்டத்தில் உண்மையை மறைக்காமல் தெரிவித்தேன்: அவர் பிழைத்தது முறைக்குப் புறம்பானது, ஆகவே பிழை. முறைப்படி சென்ற மற்ற நோயாளிகளில் இதுவரை ஒரு பிழையும் இல்லை.