மச்சானுக்கு வாங்கிய ரீலும் ஆயிரத்து நானூற்று ஐம்பத்திரண்டு முள்ளும்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்கா, கடை மூவரும் சுகம். என் வலது காதில் மட்டும் ஒரு சின்னக் கட்டு. அந்தக் கதை பின்னால் வரும். அங்கே நீயும் தங்கச்சியும் சுகமாக இருப்பீர்கள் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நீ கேட்ட தூண்டில் சாமான்களை வாங்கிவிட்டேன். ரீல் ஒன்று, அதில் சுற்றுகிற நூல் ஒரு கட்டு, முள் ஆயிரத்து நானூற்று ஐம்பத்திரண்டு. எல்லாம் நீ அனுப்பிய ஐயாயிரத்துக்குள். முள் கணக்கைப் பார்த்து நாற்காலியிலிருந்து எழுந்திருப்பாய். உட்கார்ந்து படி.

நூலகத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து நீ தங்கச்சியின் சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் எண் போட்டுச் சீட்டு ஒட்டுகிறாயாம். உப்பு எடுக்க அவள் பட்டியலைப் புரட்ட வேண்டியிருக்கிறதாம். போன மாதம் தொலைபேசியில் அழாத குறையாகச் சொன்னாள்: "அண்ணா, எப்படியாவது அந்த ஆத்தங்கரை மீன்பிடிச் சங்கத்துல இவரைச் சேர்த்துவிட்டுடுங்க, வாரத்துக்கு ஒரு நாளாவது நான் மூச்சு விட்டுக்கறேன்." மூன்று வருஷமாகக் காத்திருக்கிறாய். இப்போதுதான் ஒரு இடம் காலி. அதுவும் சொந்தச் சாமானோடு வந்து அவர்கள் ஆற்றில் ஒரு மீனாவது பிடித்துக் காட்டுகிற ஆளுக்கு. இந்த மாதம் தாண்டினால் மறுபடி எப்போது என்று அவர்களுக்கே தெரியாது. இவ்வளவு பெரிய விஷயத்தை என்னை நம்பி ஒப்படைத்தாயே, அதற்காகவே கடையை மேஸ்திரியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

எனக்கு அதுவரை மீன் என்றால் தட்டில் வருவது. நீ பிடிக்கப் போகிற முறையைக் கடைக்காரர் விளக்கினபோது அசந்துபோனேன். புழு கிடையாது, மாவு கிடையாது. முள்ளில் நாலு இறகைக் கட்டி, பூச்சி மாதிரி தண்ணீர் மேல் உட்கார வைத்தால் மீன் ஏமாந்து கவ்வுமாம். அதாவது உள்ளே சரக்கே இல்லாமல் பேக்கிங்கை மட்டும் காட்டி விற்பது. இப்படி ஒரு தொழில் இருப்பது தெரியாமல் முப்பது வருஷம் செருப்பு விற்றிருக்கிறேன் மச்சான்.

அந்தக் கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பவர். உள்ளே நுழைந்ததுமே என் காலைப் பார்த்தார். நான் எவ்வளவு தேறுவேன் என்று கணக்குப் போடுகிறார். நானும் என் கடையில் அதைத்தான் செய்வேன். கண்ணாடிப் பெட்டியிலிருந்து பளபளவென்று ஒரு ரீலை எடுத்துத் துணிமேல் வைத்தார். பதினெட்டாயிரம்.

"கடல் மீனையே நிறுத்தும் சார்."

"என் மச்சான் முழங்கால் தண்ணிக்கு மேல இறங்க மாட்டான்."

"அப்ப இதைப் பாருங்க. ஒன்பதாயிரம். பிரேக்கு வெண்ணெய் மாதிரி பிடிக்கும்."

"இந்த ஆத்து மீன் எவ்வளவு எடை வரும்?"

"கால் கிலோ. மிஞ்சினா அரை."

"கால் கிலோவை நிறுத்த எதுக்குங்க வெண்ணெய்?"

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். ஒரு கடைக்காரனை மடக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: அவன் தனக்கு எதை வைத்திருக்கிறான் என்று கேட்பது. நான் விற்பது தோல் செருப்பு, என் காலில் கிடப்பது ரப்பர். "நீங்க எதுல பிடிக்கறீங்க?" என்றேன். மனிதர் யாராவது வருகிறார்களா என்று தெருவை எட்டிப் பார்த்தார். பிறகு மேசைக்கு அடியிலிருந்து, சாப்பாட்டுப் பைக்குள் இருந்த ஒரு கறுப்பு ரீலை எடுத்துக் காட்டினார். கைப்பிடி தேய்ந்திருந்தது. பதினொரு வருஷமாக அதுதானாம். அதே ரீல் புதிதாக இரண்டாயிரத்து நூறு.

மூடி திறந்துகொண்ட பிறகு மனிதர் நிறுத்தவில்லை. சின்ன மீனுக்கு ரீல் என்பது நூலைச் சுற்றி வைக்கிற டப்பாதான், காசை நூலில் போடு, கனமாக வழுவழுவென்று இருந்தால்தான் வீசினால் தூரம் போகும் என்றார். எனக்கு உடனே விளங்கிவிட்டது: நூல்தான் செருப்பு, ரீல் அதை வைக்கிற அட்டைப்பெட்டி. அட்டைப்பெட்டிக்கு யார் பதினெட்டாயிரம் கொடுப்பார்? இருந்தாலும் அந்த இரண்டாயிரத்து நூறு ரகத்திலேயே ஐந்து ரீலை வரிசையாக வைக்கச் சொல்லி, ஒவ்வொன்றாகக் காதருகே சுற்றிப் பார்த்தேன். ஒன்று இருமியது. இன்னொன்றில் சக்கரத்துக்கும் கூட்டுக்கும் நடுவே நகம் போகிற இடைவெளி. நூல் அதற்குள் போய் மாட்டிக்கொள்ளும். மூன்றாவது, ஆட்டினால் பல் ஆடுகிற மாதிரி ஆடியது. நாலாவதுதான் உன்னுடையது. ஐந்தாவதைத் தொடவே இல்லை, கிடைத்த பிறகு எதற்கு?

முள்ளில்தான் கொஞ்சம் சறுக்கினேன். கொஞ்சம்தான். மாதிரிக்கு வைத்திருந்த பதினாலாம் நம்பர் முள்ளைக் கட்டைவிரல் நகத்தில் இழுத்துப் பார்த்தேன். வழுக்காமல் நகத்தைப் பற்றியது. சரியான கூர். எல்லா நம்பரும் ஒரே விலை என்றார். செருப்புக்காரனுக்கு ஆறை விடப் பத்து பெரிது. ஒரே விலைக்குப் பதினாலு எதற்கு, இருக்கிறதிலேயே பெரிதாக எடுப்போம் என்று இருபத்திரண்டாம் நம்பர் கேட்டேன். ஒரு பெட்டிக்கு நூற்று நாற்பத்து நாலு. பத்துப் பெட்டி எடுத்தால் விலை ஏறக்குறைய பாதி.

"இருபத்திரண்டா சார்? நல்லா யோசிச்சுக்குங்க," என்றார்.

கையில் இருக்கிற பெரிய சரக்கு மலிவாகப் போகிறதே என்று தவிக்கிறார் என நினைத்து, அவசர அவசரமாகக் காசை நீட்டினேன். ஏழு வருஷமாக விற்காமல் கிடந்த பெட்டிகளாம். அவர் முகத்தில் அன்று வந்த சிரிப்பை என் முகத்தில் என் வாடிக்கையாளர்கள் பலமுறை பார்த்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து ஒரு பெட்டியைப் பிரித்தால், முள்ளைக் காணோம். அடியில் ஏதோ தூசி. உன் அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரல் நுனியில் ஒன்றைத் தொட்டெடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். "இதென்ன, கொசுவுக்கு மூக்குத்தியா?" என்றாள். தூண்டில் முள்ளில் நம்பர் ஏற ஏற உருவம் இறங்குமாம். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு திரும்ப ஓடினேன். கண்ணாடிக்காரர் வெகு மரியாதையாக, "பிரிச்ச சரக்கைத் திரும்ப எடுக்கறதில்லைங்க. உங்க கடையிலயும் அப்படித்தானே போர்டு வச்சிருக்கீங்க?" என்றார். என் கடைக்கு வந்திருக்கிறார் மனிதர். மிச்சம் ஒன்பது பெட்டியைப் பிரிக்கவில்லையே என்றேன். "பத்தா எடுத்ததுக்குத்தானே அந்த விலை," என்றார். எனக்கே அவர் மேல் மரியாதை வந்துவிட்டது. சில்லறை விலையில் பதினாலாம் நம்பர் ஒரு டஜன் வாங்கிக்கொண்டு வந்தேன். சில்லறை விலை கொடுத்து எவ்வளவு காலமாகிறது தெரியுமா!

இறகு கட்டிய முள்ளைக் கடையில் ஒன்று ஒன்றாக விற்கிறார்கள், கொள்ளை விலை. நமக்கு எதற்கு? நம் பட்டறையில் பெண்கள் செருப்புக்கு மணி தைக்கிற அம்மா இருக்கிறாரே, அவரிடம் தலையணை இறகு கொஞ்சம் கொடுத்தேன். பதினாலாம் நம்பரைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு, "அந்தப் பொடிசையும் குடுங்க, கண்ணு கெடட்டும்," என்று இருபத்திரண்டிலும் ஒரு டஜன் கட்டித் தந்தார். அசல் கொசு.

பாதம் நுழைத்துப் பார்க்காமல் நான் சரக்கை வெளியே அனுப்பியதில்லை. நீ இங்கே விட்டுப்போன கோலில் ரீலைப் பூட்டி, கிடங்குக்குப் பின்னால் வண்டி நிற்கிற இடத்தில் வீசிப் பார்த்தேன். முதல் வீச்சு மேல்மாடிக்காரர் உலர்த்தியிருந்த சட்டையில். இரண்டாவது மேஸ்திரியின் தொப்பியில். "முதலாளி, மீன் அந்தப் பக்கம்," என்றான். அவன் பேச்சைக் கேட்டுத் திரும்பியதில் மூன்றாவது என் காதில். மருத்துவமனை நர்ஸ் முள்ளை எடுத்துவிட்டு, கொஞ்சம்கூட இரக்கமில்லாமல், "முள்ளு நுனியில பின்பக்கமா நீட்டிக்கிட்டிருக்கிற சின்ன கொக்கியை நசுக்கிட்டுல்ல வீசணும்? மீனுக்கும் வலிக்காது, உங்களுக்கும் வலிக்காது," என்றார். அவர் அப்பா மீன் பிடிப்பவராம். வந்ததும் பட்டறைக் குறட்டால் எல்லாவற்றையும் நசுக்கிவிட்டேன். இந்த யோசனைக்கு நீ காசு எதுவும் தர வேண்டாம், காது என்னுடையது.

ஞாயிறு காலை, சும்மா நூல் ஓடுகிறதா என்று பார்க்க ஆற்றுக்குப் போனேன். அங்கே சங்கத்துக் காரியதரிசி, பெரிய தொப்பிக்காரர், இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார். கையில் அதே பதினெட்டாயிரம். இரண்டு மணி நேரமாக ஒன்றும் மாட்டவில்லை. நான் பதினாலாம் நம்பரை வீசினேன். மீன்கள் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுத் திரும்பின, விலை கேட்டுவிட்டுப் போகிற வாடிக்கையாளர் மாதிரி. குனிந்து பார்த்தேன். தண்ணீர் மேல் மிதந்ததெல்லாம் பொடிப் பொடிப் பூச்சி. வாடிக்கையாளன் கேட்கிற அளவு கடையில் இருக்கும்போது வேறு அளவை ஏன் காட்டுவது? இருபத்திரண்டைக் கட்டினேன். அதைக் கட்டவே கால் மணி ஆயிற்று.

மூன்றாவது வீச்சில் நூலைச் சுண்டி இழுத்தது. மச்சான், அந்த இழுப்பை எப்படிச் சொல்வேன்? நூல் கைக்குள் உயிரோடு ஓடுகிறது, இரண்டாயிரத்து நூறு ரீல் கிர்ரென்று பாடுகிறது, என் கால் செருப்பு ஒன்று ஆற்றோடு போகிறது, நான் கவனிக்கவே இல்லை. கரைக்கு வந்தபோது ஒரு சாண் நீளம், வெள்ளியில் வார்த்த மாதிரி. ஒரு மணி நேரத்தில் ஐந்து பிடித்தேன். ஐந்தையும் திரும்ப விட்டேன், அது அந்த ஆற்றுச் சட்டம். தொப்பிக்காரர் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்து, "என்ன நம்பர்?" என்றார். சொன்னேன். "நம்ம ஊர்ல யாருமே அதை வாங்கறதில்லையே," என்றார். "என்கிட்ட ஆயிரத்து சொச்சம் இருக்கு," என்றேன். மத்தியானத்துக்குள் சங்கத்து ஆட்களிடமே ஆறு பெட்டி போய்விட்டது, என்ன விலைக்கு என்று கேட்காதே.

ஆகவே சாமான் தரமானது, சோதித்தாகிவிட்டது. அந்த ஒரு இடத்தைப் பற்றி நீ கவலையே படாதே. வேறு யாரும் தட்டிக்கொண்டு போகாதபடி நான் பார்த்துக்கொண்டேன். நிதானமாக வா, அவசரமில்லை.

நீயும் தங்கச்சியும் நோய்நொடி இல்லாமல், உப்பு எது சர்க்கரை எது என்று தெரிந்து, நீடூழி வாழ வேண்டும்.

உன் நன்மையையே நினைக்கும்,
அத்தான்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் உன் அக்கா வாங்கிப் படித்துவிட்டாள். "எல்லாம் எழுதியிருக்கீங்க. அந்த இடம் யார் பேர்ல இருக்குன்னு எழுதலையே," என்றாள். தொப்பிக்காரர் அங்கேயே பதிவேட்டை நீட்டினார் மச்சான். மீன் பிடித்தவன் பெயரைத்தான் எழுத முடியுமாம். கை ஈரமாக இருந்தது, மனசு நிறைந்திருந்தது, என் பெயர் தானாக வந்துவிட்டது. உன் அக்கா கார் சாவியை எடுத்தாள். என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு தொப்பிக்காரர் வீட்டுக்கே போனாள். இரட்டைச் சந்தா கட்டினால் ஒரு இடத்தில் இரண்டு பேர் இருக்கலாம் என்று ஒரு விதி இருப்பதை, முப்பது வருஷம் பேரம் பேசின நான் கேட்கவில்லை. அவள் ஐந்து நிமிஷத்தில் கேட்டுவிட்டாள். பேசி முடித்தது இது: இரண்டு சந்தாவும் நான் கட்டுவது, நீ அனுப்பிய ஐயாயிரம் முழுதாகத் திரும்ப உனக்கு, ரீலும் உனக்கு; மாதத்தில் மூன்று ஞாயிறு நீ, ஒரு ஞாயிறு நான்.