கெஷர் அண்ணை

ஒரேயொரு சொல்லைத் தெரிந்துகொண்டு ஒரு மொழியையே கட்டியாண்ட மனிதர், எனக்குத் தெரிந்து கெஷர் அண்ணை ஒருவர்தான்.

மட்டக்களப்புக்காரர். டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் நாங்கள் இளவட்டங்கள் சேர்ந்திருந்த வாடகை வீட்டுக்கு மூத்தவர். தளபாடத் தொழிற்சாலையில் பொதி கட்டும் வேலை. ஒருநாள் ஜெபக்கூட்டத்துக்கு வந்த போதகர், "எபிரேயத்தில் கெஷர் என்றால் முடிச்சு; தொடர்புக்கும் அதே சொல்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அகப்பட்டுக்கொண்டது நாங்கள்.

அன்றுமுதல் அண்ணைக்குச் சப்பாத்துக் கயிறு கெஷர். வைலே ஸ்டேஷனில் மாறவேண்டிய ரயில் தவறினால், "கெஷர் போயிட்டு மனே!" புட்டு உதிர்ந்தால், "மாவுக்கும் தண்ணிக்கும் கெஷர் இல்ல." டேனிஷ் வகுப்பில் ஆசிரியை குழம்பிப்போய், "நீங்கள் யூதரா?" என்று கேட்டார். "இல்ல, மட்டக்களப்பு" என்றார் அண்ணை.

தொல்லை தாங்காமல் நான் வேதாகம அகராதி ஒன்றைப் புரட்டினேன். "அண்ணை, கெஷர் எண்டால் சதி எண்டும் கருத்திருக்கு. இனிச் சொல்லாதேங்கோ."

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "சதி செய்யவும் ரெண்டு பேர் பக்கத்தில இரிக்கணுமே மனே. என்ட மனிசி அங்கெல்லோ இரிக்கா."

நான் அகராதியை மூடிவைத்தேன். தமிழ் அகதிகளின் குடும்பங்களை இங்கே வரவிடாமல் விண்ணப்பங்களை டேனிஷ் அரசு முடக்கி வைத்திருந்த காலம் அது. பின்னாளில் அது 'தமிழர் வழக்கு' ஆகி அரசாங்கத்தையே கவிழ்த்தது. அன்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வெறுமையாய்க் கிடந்த தபால்பெட்டிதான்.

அவர் மனைவி மட்டக்களப்பு டவுனுக்கு வந்து தொலைபேசியில் கதைப்பா. பாதியில் லைன் அறுந்துவிடும். "கெஷர்! கெஷர்!" என்று அண்ணை கத்துவார். பிறகு குரலைத் தணித்து, செத்துப்போன ரிசீவரிலேயே மிச்சக் கதையையும் சொல்லி முடிப்பார். நாங்கள் குசினியில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டு, கேட்காததுபோல் இருப்போம்.

கடைசியில் அனுமதி வந்தது. ஸ்டேஷனுக்கு எல்லோரும் போனோம். ரயிலால் இறங்கிய அண்ணையின் மனைவி அழவில்லை, சிரிக்கவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி:

"ஆரு அந்தக் கெஷர்? போனெடுத்தா அவள்ட பேர்தானே! இத்தனை வருசமா அவளோடயா இருந்தீங்க?"

எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தச் சொல்லைப் பற்றி மணிக்கணக்காகப் பிரசங்கம் செய்யக்கூடிய மனிதர், கீழே இருந்த பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டார். பிறகு, மழையில் நனைந்தபடி நின்ற எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"இவங்கதான் கா" என்றார் மனைவியிடம்.

அன்றைக்கே அவர் தனி வீட்டுக்குப் போய்விட்டார். இனி நிம்மதி என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். அடுத்த ஞாயிறு, யாரும் அழைக்காமலே, எல்லோரும் அவர் வாசலில் நின்றோம்.