மச்சானைப் பார்த்துச் சிரித்த குற்றம்

கடலூர் முதுநகர்,
ஞாயிறு காலை.

மரியாதைக்குரிய மச்சான் சுப்பராயலு அவர்களின் சமூகத்திற்கு,

சடையப்பன் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நானும் எலக்ட்ரிக்கல் கடையும் சௌக்கியம். தங்கள் தங்கை மலர்க்கொடி சௌக்கியமா என்பது எனக்குத் தெரியாது, நாலைந்து நாளாக என்னோடு பேச்சு இல்லை. அங்கே சிதம்பரத்தில் தாங்களும் சந்திரலேகா அக்காவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க நடராஜரை வேண்டிக்கொள்கிறேன். போன் செய்தால் கட் செய்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழுகிறதே தவிர ஓர் எழுத்து பதில் வருவதில்லை. கடிதத்தைக் கட் செய்ய முடியாது என்பதால் எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் மகளும் தங்கள் மருமகளுமான கல்யாணப்பெண் இளமதிதான். சென்னையில் அவள் வேலை பார்க்கும் கம்பெனியில், கோபித்துக்கொண்டு வருகிறவர்களைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்கென்றே ஒரு டிபார்ட்மெண்ட் இருக்கிறதாம், அதில்தான் இவள் இருக்கிறாள். போன வாரம் வந்தவள் என்னை உட்காரவைத்து, "கல்யாணம் முடியிற வரைக்கும் நீ யார் மேலயும் எரிஞ்சி விழக்கூடாதுப்பா. ஏடாகூடமான ஆளுங்க வந்தாலும் பாசிட்டிவாதான் பதில் சொல்லணும்" என்று மூன்று பாடம் நடத்தினாள். முதலில் சிரிக்க வேண்டும். அப்புறம் எதிராளி என்ன சொன்னாரோ அதையே ஒரு தடவை திருப்பிச் சொல்ல வேண்டும், நாம் காது கொடுத்துக் கேட்டோம் என்று அவர் மனசு குளிர்ந்துவிடுமாம். கடைசியில் அவரிடம் இருக்கும் ஏதாவது ஒரு நல்ல விஷயத்தைத் தேடிப் பிடித்துப் பாராட்ட வேண்டும். அவர்கள் ஆபீசில் இதைச் செய்தால் எப்பேர்ப்பட்ட முரடனும் பசு மாதிரி ஆகிவிடுவானாம். அங்கே எல்லோரும் இங்கிலீஷில் கோபித்துக்கொள்கிறவர்கள் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

மறுநாள் கடையைத் திறந்ததும் ஓர் ஆள் பீஸ் போன பல்பைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து, நீங்க ஆள ஏமாத்துறீங்க என்றார். வழக்கமான சடையப்பனாக இருந்தால் கத்துகிற கத்தில் அந்த பல்புக்கு அங்கேயே உயிர் வந்திருக்கும். நான் முகம் மலரச் சிரித்து, "சரிங்க, நான் ஆள ஏமாத்துறேன்" என்று திருப்பிச் சொன்னேன். ஃபேன் வாங்க வந்திருந்த புதுமணத் தம்பதி ஃபேனை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். சரி, முதல் நாள் அப்படித்தான் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு மீன் வாங்கப் போனால், அங்கே வியாகுலமேரி, வாங்குனா வாங்கு, சும்மா செவுளத் தூக்கித் தூக்கிப் பாக்காத என்று அதட்டினாள். நான் அதை ஒரு எழுத்து பிசகாமல் அவள் ராகத்திலேயே திருப்பிச் சொன்னேன். வயசான மனுசன் பழிப்புக் காட்டுது பாரு என்று அவள் கூடையை மூடிவிட்டாள், பக்கத்துக் கடைக்காரிகளும் மூடிவிட்டார்கள். அன்றைக்கு வீட்டில் முருங்கைக்காய்ச் சாம்பார். சொன்னதைத் திருப்பிச் சொல்வதற்கு நம் பக்கத்தில் பழிப்புக் காட்டுவது என்றுதான் பெயர் என்பது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

உறைக்காமல் போனதற்கு எங்கள் பக்கத்து வீட்டு இன்னாசிராஜ்தான் காரணம். அவர் தன் ஸ்கூட்டரை என் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்துவார், நான் கத்துவேன், அவர் கத்துவார், இது வருஷக்கணக்காக நடக்கிறது. அன்று மூன்றாவது பாடத்தை எடுத்து, வண்டிய கண்ணாடி மாதிரி வச்சிருக்கீங்க என்றேன். மனிதர் அப்படியே உருகிவிட்டார். இப்போது வண்டியை எடுத்துவிடுகிறார், ஆனால் தினம் காலையில் காபிக்கு வந்து அந்த வண்டியின் வரலாற்றைச் சொல்கிறார். வரவேற்பில் தன் கோயில் பாட்டுக்குழுவைப் பாடவைப்பதாகவும் வாக்குக் கொடுத்துவிட்டார். அந்தத் தெம்பில்தான் நான் மலர்க்கொடியையும் அழைத்துக்கொண்டு தங்களுக்குப் பத்திரிகை வைக்கப் புறப்பட்டு வந்தேன்.

தட்டில் வெற்றிலை பாக்கோடு நீட்டினோம், தாங்கள் கண்ணாடி போட்டுப் படித்தீர்கள், முகம் மாறியது. தாய்மாமன் பெயரை அச்சகத்தில் கடைசி வரியில் தள்ளியிருந்தார்கள், நானும் பார்க்காமல் விட்டுவிட்டேன். இந்தக் கல்யாணத்தில் எனக்கு என்ன மரியாதை இருக்கிறது என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நான் சிரித்துக்கொண்டே, "இந்தக் கல்யாணத்துல ஒங்களுக்கு மரியாத இல்ல, அதான மச்சான் சொல்றீங்க?" என்றேன். அப்ப நான் என்ன கேனையனா என்றீர்கள். "நீங்க கேனையன். புரியுது மச்சான்" என்றேன். அதோடு விட்டேனா, மூன்றாவது பாடம் பாக்கி இருக்கிறதே என்று, தங்கள் குரல் மைக் இல்லாமலே கீழ வீதி வரைக்கும் கேட்கும் என்று பாராட்டினேன். தாங்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். தட்டு நாற்காலியிலேயே கிடந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் ஆலப்பாக்கம் தாண்டும்போது மலர்க்கொடி ஒரே ஒரு தடவை வாய் திறந்தாள். "எங்க அண்ணன் நெத்தியில பட்டம் கட்டாம எம் பொண்ணு மணையில ஒக்காராது. அத நெனப்புல வச்சிக்கிங்க." அதன் பிறகு பேச்சே இல்லை. பாடம் நடத்திய இளமதியும், மாமா வரலைன்னா கல்யாணமே வேண்டாம் என்று போனில் அழுகிறாள். அவள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் எனக்கு முன்னால் வந்து நின்றவர் தாங்கள். தாங்கள் இல்லாத மணமேடையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை மச்சான்.

ஆகவே இதன்மூலம் உறுதி கூறுகிறேன். பத்திரிகையை மாற்றி அடிக்கிறேன், தங்கள் பெயரை மாப்பிள்ளை பெயரைவிடப் பெரிதாகப் போடுகிறேன். இனி ஆயுசுக்கும் தங்களை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டேன். தாங்கள் எள் என்றால் நான் எண்ணெயாக நிற்பேன்.

தங்கள் குடும்பம் வாழையடி வாழையாகத் தழைக்கவும், தங்கள் கோபம் ஆவணி முகூர்த்தத்துக்குள் தணியவும் குலதெய்வம் கண் திறக்கட்டும். அக்காவுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
பணிவைப் பழகிக்கொண்டிருக்கும்
சடையப்பன்

பின்குறிப்பு: உறை ஒட்டப் பசை தேடும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கல்யாணப் பட்டுப்புடவைப் பையோடு நீங்களே இறங்கினீர்கள். நான் பழக்கதோஷத்தில் சிரித்தேன். நீங்கள் படியேறாமலே நின்று சொன்னீர்கள்: "சிரிக்காதீங்க மாப்ள. நீங்க திட்டி நான் என்னைக்காவது கோச்சிக்கிட்டு இருந்திருக்கனா? அன்னைக்கு கடைக்கு வர்ற ஆளப் பாத்து சிரிக்கிற மாதிரி என்னப் பாத்து சிரிச்சீங்க. நான் இந்த வூட்டுக்கு வேத்தாளா பூட்டேன்னு அன்னைக்குத்தான் தோணிச்சி."

நான் பையை வாங்கிக்கொண்டு உங்களை உள்ளே கூப்பிட்டேன். நல்லவேளையாக நீங்கள் உள்ளே வந்ததும் பந்திக்கு என்ன பாயசம் என்று கேட்டீர்கள். பால் பாயசம் என்றேன், பருப்புப் பாயசம்தான் என்றீர்கள், பெண் வீட்டுக்காரன் நானா நீங்களா என்றேன், இன்னாசிராஜ் விலக்கிவிட ஓடிவரும் அளவுக்குப் போய்விட்டது. சத்தம் கேட்டு வெளியே வந்த மலர்க்கொடி இத்தனை நாளுக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்து, ரெண்டு பேருக்கும் காபியா மோரா என்று கேட்டாள். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

இதோ நீங்கள் உள்ளே குளித்துக்கொண்டிருக்கிறீர்கள். எழுதியதைக் கிழிக்க மனசு வரவில்லை, ஊருக்குக் கிளம்பும்போது கையிலேயே கொடுத்துவிடுகிறேன். எதிர்த்துப் பேசமாட்டேன் என்று மேலே எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். பாயச விஷயத்தில் நீங்கள் சொல்வது தப்பு மச்சான்.