முகடு கடந்த மாவீரருக்கு ஒரு சாட்சி

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு உலகில் நடந்த அடுத்த பெரிய காரியம், என் கணவர் எங்கள் ஊர் மலைமுகட்டை ஒரே நாளில் நடந்து கடந்ததுதான். மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் அவரையே கேட்டுக்கொள்ளலாம். அவரும் இதையேதான் சொல்வார்.

லேசுப்பட்ட முகடு அல்ல அது. ஒரு சிகரம் ஏறி, இறங்கி, மறுபடி இன்னொன்று ஏற வேண்டும். இரண்டு பக்கமும் கிடுகிடு பள்ளம். விடியலில் இந்த முனையில் கிளம்பி, இருட்டுவதற்குள் அந்த முனைக்குப் போய்விட்டால், சைக்கிள் கடை மாடியில் இருக்கும் மலையேறுவோர் மன்றத்தின் மரப்பலகையில் பெயரைப் பொன் எழுத்தில் எழுதுவார்கள். அந்தப் பலகையில் இன்றுவரை ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றபடியே வேலை பார்க்கும் எனக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. சொன்னால் சிரிப்பார்களே என்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

காப்பீட்டு அலுவலகத்தில் அதிகாரியான என் கணவர், ‘சுமையில்லா நடை’ என்ற நவீன மார்க்கத்தில் சேர்ந்தவர். பாரம்தான் மனிதனின் முதல் எதிரி என்பது அந்த மார்க்கத்தின் கொள்கை. அதற்காக அவர் பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக வெட்டினார். காலுறையில் தைத்திருந்த கம்பெனிச் சீட்டைக் கத்தரித்தார். சமையலறைத் தராசில் சட்டைப் பொத்தான்களை நிறுத்துப் பார்த்து, இரண்டை ‘நிர்வாகக் காரணங்களுக்காக’ நீக்கினார்.

“தண்ணி யாருங்க எடுத்துட்டு வர்றது?” என்று கேட்டேன்.

“தண்ணி பொதுச் சொத்தும்மா. அது என் பாரத்துல சேராது. உன் பையில வச்சுக்க.”

ரொட்டியும் பொதுச் சொத்தாம். கயிறு, மழைக்கோட்டு, மருந்துப் பெட்டி, ஈரமானால் மாற்றிக்கொள்ள அவருடைய இன்னொரு ஜோடி ஷூ, எல்லாம் பொதுவுடைமை ஆயின. பாரமே இல்லாமல் நடப்பது எப்படி என்று விளக்கும் கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கடைசியாகக் கொண்டுவந்து என் பையில் திணித்தார்.

அன்று அவர் நடந்த அழகை என்னென்று சொல்வது! கையை வீசிக்கொண்டு ஜம்மென்று முன்னால் போனார். தாகம் எடுத்தால் கையைப் பின்னால் நீட்டுவார். பாட்டில் வந்துவிடும். வலது பக்கம் பார்த்தாலும் இடது பக்கம் பார்த்தாலும் எனக்குத் தலை சுற்றியது. ஆகவே அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

“பாத்தியா, பாரமே இல்லாம நடக்கறது எவ்ளோ சுகம்!” என்றார், எதிரே இருந்த சிகரத்திடம்.

“ஆமாங்க,” என்றேன், மூச்சு கிடைத்தபோது.

கடைசிச் சிகரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான். என்னால் முடிந்துவிட்டதே!

மறுவாரம் மன்றத்தில் ‘பரிசீலனைக் கூட்டம்’ கூடியது. செயலாளர் விதிப்புத்தகத்தைப் பிரித்தார்.

“பிறர் உதவியில்லாம கடந்திருக்கணும்னு விதி. மூட்டை யார் தூக்கினது?”

“என் வீட்டுக்காரி,” என்றார் கணவர்.

“அது உதவியாச்சே?”

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஏன்யா, சம்சாரம் எப்படிய்யா பிறர் ஆவாங்க? உன் கையே உனக்குச் சோறு ஊட்டினா அதை உதவின்னு சொல்லுவியா?”

ஆட்சேபம் தள்ளுபடி ஆனது.

“சரி, சாட்சி வேணும். முழுத் தூரமும் கூடவே நடந்த பிறர் ஒருத்தர் கையெழுத்துப் போடணும்.”

“என் வீட்டுக்காரி.”

செயலாளர் பேனாவை மூடினார். “இப்பத்தானே பிறர் இல்லன்னு முடிவு பண்ணோம்?”

மன்றம் திகைத்தது. டீ வரவழைக்கப்பட்டது. இரண்டாவது டீயின்போது, வரலாற்றுச் சிறப்புமிக்க அந்தத் தீர்மானம் நிறைவேறியது: மனைவியானவர் மலைமேல் இருக்கும்வரை பிறர் அல்ல, மலையை விட்டு இறங்கியதும் பிறர்.

கைதட்டல் அடங்கியதும் நான் எழுந்தேன்.

“ஐயா, முழுத் தூரமும் கூடவே நடந்தேன்னா, நானும்தானே கடந்திருக்கேன்? என் பேரையும் எழுதலாமே?”

“தாராளமா!” என்றார் தலைவர் பெருந்தன்மையோடு. “சாட்சி யாரும்மா?”

“இதோ, இவர்தான்.”

எல்லோரும் என் கணவரைப் பார்த்தார்கள். உண்மையைத் தவிர வேறு எதுவும் பேசாத உத்தமர் அவர்.

“உள்ளதைச் சொல்லிடறேங்க. கிளம்பறப்ப இருந்தா. போய்ச் சேர்ந்தப்பவும் இருந்தா. நடுவுல என்னன்னு எனக்குத் தெரியாது. நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கல.”

மறுபடியும் கைதட்டல். திரும்பிப் பார்க்காத தீரர் என்று யாரோ உணர்ச்சிவசப்பட்டுக் கத்தினார்.

“தப்பா நினைச்சுக்காதீங்கம்மா,” என்றார் தலைவர். “நடுவுல நீங்க பஸ்ல சுத்தி வந்திருக்கலாம், இல்லையா?”

பஸ்ஸில் வந்தவள் அவர் நடந்ததை எப்படிப் பார்த்தாள் என்று திருப்பிக் கேட்கும் அளவுக்கு நான் மரியாதை தெரியாதவள் அல்ல. உட்கார்ந்துவிட்டேன்.

செயலாளர் ஒரு தாளை நீட்டினார். “நீங்க கண்டதை ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பேருக்குக் கீழ அதையும் பொன் எழுத்துல ஏத்திடுவோம். ஒரு எழுத்துகூட மாத்த மாட்டோம். விதி அப்படி.”

எழுதினேன். படித்துப் பார்த்த செயலாளருக்கு வியர்த்தது. கணவர் எட்டிப் பார்த்தார். தலைவர் மூன்றாவது டீ சொன்னார். ஆனால் விதியை மாற்ற வழி கிடைக்கவில்லை. பெயின்டர் ஏணி போட்டு எழுதிவிட்டுப் போனார். இப்போது மன்றத்துக்கு வருகிற அத்தனை பேரும் அண்ணாந்து படிக்கிறார்கள்:

“இம்மாவீரர் முகடு முழுவதையும் நடந்து கடந்ததை நேரில் கண்டேன். அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தம்முடைய மூட்டையைக் கண்டிருப்பார். அதற்கு அடியில் என்னையும் கண்டிருப்பார்.”