பேணி மாமாவின் ஆறு நிமிடம்

போர்க்காலத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் குண்டுக்குப் பயப்படாத ஒரே மனிதர் பேணி மாமாதான். ஆனால் அவருக்குப் பயப்படாதவர் எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் இல்லை. பயந்தவர்களில் முதல் ஆள் நான்.

எங்கள் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்த, ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் அவர். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் வளர்ந்தவருக்குக் கடற்கரை மணலைக் கண்டாலே கோபம் வரும். "தங்கச்சி, இதிலை ஊத்திற தண்ணி கத்தரி வேருக்கு வணக்கம் சொல்லிப்போட்டுப் போகுது" என்பார். போகிற தண்ணீரை மறிப்பதே அவருடைய முழுநேர வேலை. பால்மா வரும் தகரப் பேணிகளின் அடியில் ஆணியால் துளையிட்டு, ஒன்றில் வெறும் மணல், ஒன்றில் மணலும் தேங்காய்த் தும்புத்தூளும், இன்னொன்றில் மணலும் மாட்டெருவும் நிரப்பி, ஒவ்வொரு கோப்பை தண்ணீர் ஊற்றுவார். முதல் துளி கீழே விழும்வரை மேசை மணிக்கூட்டைப் பார்த்தபடி இருப்பார்.

எருவைப் பையில் கட்டி பஸ்ஸில் கொண்டுவருவார். சோதனைச் சாவடியில் அந்தப் பையை ஒருமுறை திறக்கச் சொன்ன காவலர் மறுமுறை சொன்னதில்லை.

அவர் கண்ணில் வெண்புரை விழுந்தபின் கணக்கெடுப்பைக் கொப்பியில் எழுதியவள் என் மகள். வயது பத்தொன்பது. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அந்த ஒரு சொல்லுக்காகவே அவளை நான் கடைக்கும் அனுப்புவதில்லை.

ஒருநாள் காலை பொலிஸ் வீட்டுக்குள் தேடுதலுக்கு வந்தது. பின்னறையில் துளையிட்ட பேணிகள், நடுவில் மணிக்கூடு, பக்கத்தில் கொப்பி. அதிகாரிக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்திருந்தது. மாமா கொழும்பில் மூன்று இடங்களில், பேணிக்கு ஒன்றாக மணல் அள்ளியிருந்தார். என்ன கலந்தது என்பதைப் பேணியில் ஒட்டிவிட்டு, மகள் கொப்பியில் இடத்தையும் நேரத்தையும் மட்டுமே எழுதியிருந்தாள்.

"வெள்ளவத்தை, நாற்பது செக்கன். புதுக்கடை, இரண்டு நிமிடம். கொட்டாஞ்சேனை, ஆறு நிமிடம்" என்று அதிகாரி வாசித்தார்.

கேட்க எனக்கே குண்டு வெடிக்கும் பட்டியல் போல இருந்தது. யாருடைய எழுத்து என்று கேட்டார். மகள் கையை உயர்த்தினாள். எங்கள் வாசலில் ஜீப் நின்றது.

"எழுதினது அவள், சொன்னது நான்" என்றார் மாமா. "தண்ணி சொட்டுற நேரம் அது. பொய்யெண்டா என்னைக் கொண்டுபோங்கோ மாத்தயா. முதல்லை ஊத்திப் பாருங்கோ."

அதிகாரியே மணிக்கூட்டைக் கையில் எடுத்தார். வெறும் மணல் நாற்பதாவது செக்கனில் சொட்டியது. தும்புத்தூள் பேணியும் சொன்ன நேரத்துக்குச் சொட்டியது. எருப் பேணியில் ஐந்து நிமிடம் போயிற்று. ஆறும் போயிற்று. துளி இல்லை. அதிகாரி தலையசைக்க, பொலிஸ்காரி ஒருத்தி மகளின் கையைப் பிடித்தாள்.

மாமா குனிந்து, "விழன், சனியனே" என்று பேணியிடம் கெஞ்சினார்.

விழுந்தது. அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு கொப்பியை மகளிடம் கொடுத்தார். இனிமேல் எருவின் பெயரையும் எழுது என்று சொல்லிவிட்டுப் போனார்.

"இருபது செக்கன் பிந்திப்போச்சு" என்றார் மாமா. "காய்ஞ்ச எரு முதல்லை தண்ணியை உள்ளுக்கு விடாது. எழுது பிள்ளை."

தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கையில் கோப்பை நிற்கவில்லை. சாறம் முழுவதும் சிந்தியது. குடித்து முடிக்கும்வரை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.