வேலிக்குள்ளே இருபது சுற்று

மலாயாவின் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் ரவுண்டு பெரியவரைவிட அதிக தூரம் போன ஒன்று உண்டென்றால், அது கெமாஸுக்குப் போகும் ரயில்தான். அதுவும் நிலக்கரியைத் தின்றுவிட்டுப் போனது. இவர் போனது வெறும் கஞ்சியில்.

அவருக்கென்று ஒரு நல்ல பெயர் உண்டு. தோட்டப் பதிவேட்டில் நானே பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார் என்பதால் இங்கேயும் அது வேண்டாம்.

காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளை வெள்ளைக்கார அரசு வேட்டையாடிய அவசர காலம் அது. நான் அந்த ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். டாக்டர் மாதம் ஒருமுறை வந்து தலையைக் காட்டுவார். மற்ற நாளெல்லாம் நானே டாக்டர். வயது இருபத்தாறு. உலகத்து நோய்கள் அத்தனைக்கும் என்னிடம் இரண்டு வைத்தியங்கள் இருந்தன. ஒன்று சிவப்பு மிக்சர். மற்றொன்று, "போய்ப் படுத்துக்குங்க."

ரவுண்டு பெரியவருக்கு அப்போதே எழுபது. வயதாகிவிட்டதென்று ரப்பர் மரத்தில் பால்வெட்டும் வேலையிலிருந்து அவரை நிறுத்தியபோது, மறுநாள் காலையும் தம் பழைய மரங்களுக்குப் போய், அத்தனையையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தாராம். கணக்கு எழுதும் கிராணி கேட்டதற்கு, "கத்தியத்தானே திருப்பிக் கேட்டீங்க? காலக் கேக்கலையே" என்றாராம்.

பிறகு வேலி வந்தது. காட்டுக்குள் இருந்தவர்களுக்குத் தோட்டத்து அரிசி போய்விடக்கூடாதென்று, சிதறிக் கிடந்த தொழிலாளர் லயத்து வீடுகளை ஒரே இடத்தில் கூட்டிச் சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். வேலைக்குப் போகிறவர்கள் மட்டும் காலையில் கேட்டில் சோதனை முடிந்து வெளியே போகலாம். வேலையில்லாத வயதானவர்கள் உள்ளேயே இருக்கவேண்டும்.

மூன்றே மாதத்தில் என் ஆஸ்பத்திரி வராந்தா நிரம்பியது. முட்டிவலி, இடுப்புவலி, மலச்சிக்கல், தூக்கமில்லை, காரணமே இல்லாத அழுகை. இவர்களிலும் மோசம் பழைய மண்டோர். முப்பது வருஷம் ஆட்களை அதட்டி வேலை வாங்கியவர், இப்போது கட்டிலில் கிடந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து உட்காரவே இரண்டு பேர் பிடிக்கவேண்டும். "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று அவரிடமும் சொல்லிவைத்தேன்.

ரவுண்டு பெரியவர் மட்டும் கம்பி ஓரமாகவே நடக்க ஆரம்பித்தார். ஒரு சுற்று கால் மைல் இருக்கும். காலையில் இருபது சுற்று. போகிற போக்கில் என் வராந்தாவை எட்டிப் பார்த்துச் சொல்வார்:

"டிரஸ்ஸரையா, இவங்களுக்கு நோவு ஒண்ணும் இல்லலா. துரு புடிச்சிருக்கு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்த வயசுல இவ்வளவு நடந்தா உங்க இருதயம் தாங்காது, பெரியவரே!"

"மெதுவாச் சொல்லுங்கையா. அதுக்கு இன்னும் தெரியாது."

வந்த வினை இதுதான்: அவருக்கு எண்ணிக்கை நிற்காது. ஆகவே ஒரு சுற்று முடிந்ததும் தலைத்துண்டிலிருந்து ஒரு கீற்றைக் கிழித்து, முள்கம்பியில் முடிந்துவிட்டுப் போவார். துண்டின் நிறம் சிவப்பு.

அந்தக் காலத்தில், காட்டைப் பார்த்த கம்பியில், வரிசையாகச் சிவப்புத் துணி! காவலுக்கு இருந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் இரண்டு நாள் எண்ணிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் துப்பாக்கியோடு வந்து பெரியவரைக் கேட்டுக்கு இழுத்துப் போனார்கள். லயத்தில் கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. சந்தேகம் ஒன்றே போதும் அப்போது. சிலரை முகாமில் அடைத்தார்கள். சிலரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். பெரியவருக்கோ அந்தப் பக்கம் ஒரு நாதியும் இல்லை. மனைவியைப் புதைத்ததும் இந்தத் தோட்டத்து மண்ணில்தான்.

வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். இங்கிலீஷ் தெரிந்த பாவத்துக்கு மொழிபெயர்க்க என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"யாருக்கு அடையாளம் காட்டுகிறான்?" என்றார் அதிகாரி.

பெரியவர் உள்ளதைச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். அதிகாரி சிரித்துவிட்டார். "இந்தக் கிழவனா? இருபது சுற்றா? என் ஆட்களே பத்தில் படுத்துவிடுவார்கள். பொய்."

இதைத் தமிழில் சொன்னதும் பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டினார். "தொரையக் கூட வரச் சொல்லுங்கையா. பேசுறத விட நடந்துட்டா சீக்கிரம் முடிஞ்சிரும்."

அதிகாரிக்கு ரோஷம் வந்துவிட்டது. பூட்ஸும் துப்பாக்கியுமாகக் கிளம்பினார். முதல் மூன்று சுற்று அவர்தான் முன்னால். ஐந்தில் தொப்பியைக் கழற்றினார். ஏழில் முகம் என் மிக்சர் நிறத்துக்கு வந்தது. எட்டில் ஒரு மண்ணெண்ணெய் டின்னின்மேல் உட்கார்ந்தவர் பிறகு எழவில்லை. பெரியவர் ஒவ்வொரு சுற்றிலும் அவரைத் தாண்டும்போது அக்கறையாக விசாரித்தார்.

"என்னாங்க தொரை, முட்டி புடிச்சிக்கிச்சா?"

"என்ன சொல்கிறான்?" என்றார் அதிகாரி.

"உங்கள் உடல்நலம் விசாரிக்கிறார்" என்றேன்.

கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கிழவர்களும் கிழவிகளும் வாசலுக்கு வந்தார்கள். பதினொன்றாம் சுற்றில் பெரியவர் கல் தடுக்கித் தடுமாறினார். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்:

"பதினொண்ணு! தலைய நிமித்தி நடலா!"

பழைய மண்டோர்! மருமகள் தோளில் ஒரு கையும் தடியில் ஒரு கையுமாக நின்றிருந்தார். அவர் வெளியே வந்து நான்கு மாதமாகியிருந்தது. அதற்குமேல் ஒவ்வொரு எண்ணும் அவர் வாயிலிருந்து வேட்டுப்போல வந்தது. "இருபது!" என்றபோது கான்ஸ்டபிள்களே கை தட்டினார்கள்.

அதிகாரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "நடக்கட்டும். துணி கட்டக்கூடாது. எண்ணுவதற்கு அதோ அந்தக் கத்துகிற ஆளை வைத்துக்கொள்ளட்டும்."

மண்டோருக்கு மறுபடி வேலை கிடைத்துவிட்டது. மறுநாள் விடிந்ததும், ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு போலவே, வயதானவர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டார். பெரியவர் முன்னால் நடக்க, மற்றவர்கள் பின்னால். மண்டோர் முக்காலியில் உட்கார்ந்து எண்ணினார்.

"ஏய் முனியம்மா! ரெண்டுதான் ஆச்சு. எங்க ஒளியிற?"

"காலு வலிக்குதுங்க மண்டோரே."

"யாருக்கு வலிக்கல? நட!"

ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்கவே மண்டோர் முக்காலியை விட்டு எழுந்தார். முதலில் பத்தடி, பிறகு பாதிச் சுற்று. இரண்டு மாதத்தில் தடியை ஊன்ற அல்ல, ஓங்கத்தான் வைத்திருந்தார். எல்லாருக்கும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. சிலருக்கு முட்டி நிமிரவே இல்லை. ஆனால் தூக்கம் வந்தது, பசி வந்தது, பழைய சண்டைகளெல்லாம் திரும்ப வந்தன. என் மிக்சர் புட்டிகள் தூசி படிந்து நின்றன.

ஒருநாள் நானே போய்ச் சொன்னேன். "நான்தான் தப்பாச் சொல்லிட்டேன், பெரியவரே."

"அட விடுங்கையா. நீங்க படிச்சதச் சொன்னீங்க. நான் நடந்ததச் சொன்னேன்."

அடுத்த வருஷம் எனக்கு சிரம்பான் பக்கத்துத் தோட்டத்துக்கு மாற்றல் வந்தது. காலையில் பெட்டியோடு லாரியில் ஏறினேன். கேட்டைத் தாண்ட ரவுண்டு பெரியவருக்குப் பாஸ் கிடையாது. லாரி வேலியை ஒட்டிய மண்பாதையில் ஊர்ந்தபோது, கம்பிக்கு அந்தப் பக்கம் அவரும் கூடவே வந்தார். வேலியின் மூலை வந்தது. பாதை ரப்பர் மரங்களுக்குள் திரும்பியது. அவர் வளைந்து தம் சுற்றைத் தொடர்வார் என்றுதான் நினைத்தேன்.

மரங்கள் மறைக்கும்வரை அந்த மூலையிலேயே நின்றார். அந்த மனிதர் நின்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.